வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாரா?

காத்தோங் சிலோன் ரோட்டில் இருக்கிறது செண்பக விநாயகர் கோயில். 1850களில் குளக்கரையில் ஒரு செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையாருக்கு எதிர்நாயகம் பிள்ளை என்ற இலங்கைத் தமிழர் அத்தாப்புக் கூரை வேய்ந்து தொடங்கிய வழிபாடு அது. அந்த வட்டாரத்தில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மூத்தவர், பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்துபோனவர், கோயிலிலிருந்து அரை கிலோமீட்டரில் வசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு அவர் அங்கே இருக்க வேண்டுமானால் அதற்கு முன் என்னென்ன நடந்திருக்க வேண்டும்? மதியமே அவரைக் குளிப்பாட்டியிருக்க வேண்டும். பிட்டத்தில் புண் இருந்தால் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. ஆகவே புண் வராமல் பார்த்திருக்க வேண்டும். சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுத்தால் கோயிலில் சங்கடம் வராது என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். சக்கர நாற்காலியின் டயரில் காற்று இருக்க வேண்டும். தள்ளிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் முந்தின இரவு தூங்கியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்குக் கோயிலுக்குப் போகும் ஆசை இன்னும் இருக்கிறது என்பது அந்த வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, வீட்டுப் பராமரிப்பு நன்றாக நடக்கிறதா என்று அறிய ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால், நான் கேட்பது இதுதான்: போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாரா? சர்ச்சுக்குப் போகிறவராக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை. எதிலும் நம்பிக்கை இல்லாதவராக இருந்தால் கடற்கரைக்கோ காப்பிக்கடைக்கோ. சேவை நிறுவனத்தின் சான்றிதழையும் வருகைப் பதிவையும் குடும்பத்தாரின் பாராட்டுக் கடிதத்தையும் சேர்த்து வைத்தாலும் இந்த ஒரு கேள்வி சொல்வதை அவை சொல்லாது. பராமரிப்பின் தரத்தை, பராமரிக்கப்படுகிறவரின் நாளிலும் உடம்பிலும் விருப்பத்திலும்தான் தேட வேண்டும். சிங்கப்பூர் இதுவரை கட்டியிருக்கும் பாராட்டத்தக்க ஏற்பாடுகளில் இந்த இடம்தான் மெலிந்து கிடக்கிறது என்பது என் வாதம்.

தேவையின் அளவு தெரிந்ததுதான். 2014இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் 65 வயதைத் தாண்டியவர்கள் 12.4 விழுக்காடு, 2024இல் 19.9 விழுக்காடு, 2030இல் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். 65 வயதில் நல்ல சுகத்தோடு இருப்பவர்களில் பாதிப் பேர் வாழ்நாளில் என்றாவது ஒரு கட்டத்தில் கடுமையான இயலாமைக்கு ஆளாகலாம் என்று சுகாதார அமைச்சே சொல்லிவருகிறது. அந்த நிலையில் இருப்பவர்களில் பத்தில் மூவர் பத்தாண்டுக்கு மேலும் அப்படியே காலம் தள்ள நேரலாம் என்பதும் அமைச்சின் கணிப்பு. பத்தாண்டு என்பது ஒரு பிள்ளை தொடக்கப்பள்ளியில் சேர்ந்து உயர்நிலைப்பள்ளியை முடிக்கும் காலம். இதில் முதியவர்கள் மட்டும் இல்லை. எளிதில் பாதிப்படையக்கூடிய பெரியவர்கள் சட்டம் 18 வயதிலிருந்தே கணக்கெடுக்கிறது: உடல் அல்லது மனக் குறைபாட்டால், இயலாமையால், துன்புறுத்தலிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத எவரும் அதில் அடக்கம். அறிவுத்திறன் குறைபாடுள்ள நாற்பது வயது மகனை எழுபது வயதுத் தாய் குளிப்பாட்டும் வீடுகளும் இந்தக் கணக்கில் வருகின்றன. அந்தத் தாய்க்குப் பிறகு யார் என்ற கேள்வி அந்த வீடுகளில் தினமும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

நாடு கைகட்டி நிற்கவில்லை. இல்லங்களுக்கே தாதியரை அனுப்பும் ஹோம் நர்சிங் ஃபவுண்டேஷன் 1976இல் தொடங்கியது. சேவைகளை ஒருங்கிணைக்கும் ஏஐசி 2009இல் வந்தது. வீட்டுப் பராமரிப்புக்கான வழிகாட்டி நெறிகளைச் சுகாதார அமைச்சு 2015இல் வெளியிட்டது. பாதிப்படையக்கூடிய பெரியவர்கள் சட்டம் 2018 மே மாதம் நிறைவேறி அந்த ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் பராமரிக்கும் குடும்பங்களுக்கு 2019 அக்டோபரில் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கிய மானியம், 2023 மார்ச்சில் 400 வெள்ளி வரை ஏறியது. 2026 ஏப்ரலிலிருந்து 600 வெள்ளி வரை என்று அறிவிப்பும் வந்தது. கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதி 2020 அக்டோபரில் தொடங்கியது. இந்த மானியத்துக்கும் காப்புறுதிக்கும் யார் தகுதி என்று முடிவுசெய்ய ஆறு காரியங்கள் பார்க்கப்படுகின்றன: குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இவற்றில் மூன்றில் உதவி தேவைப்பட்டால் பணம் கிடைக்கும். நியாயமான அளவுகோல்தான். ஆனால் அது அளப்பது இயலாமையை. குளிக்க உதவி வேண்டுமா என்று அது கேட்கிறது. அந்த உதவி கிடைத்ததா, வெந்நீரா, கதவைச் சாத்திவிட்டுக் குளிப்பாட்டினார்களா என்று அது கேட்பதில்லை.

மறுமுனையில் சட்டம் நிற்கிறது. அடி, பட்டினி, பூட்டிவைத்தல், கவனிப்பாரற்றுக் கிடத்தல் என்று தெரியவந்தால் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் அதிகாரிகள் வீட்டுக்குள் நுழையலாம், அவரைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம். தகவல் கொடுத்தவருக்கும் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பெரிய காரியம்தான். ஆனால் ஒருமுனையில் மானியத்துக்கான மதிப்பீடு, மறுமுனையில் குற்றத்துக்கான சட்டம் என்றிருக்க, பெரும்பாலான வீடுகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. அங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை. தண்ணீர்க் குவளையைக் கைக்கு எட்டாமல் வைப்பார்கள். கொடுமை செய்ய அல்ல, அடிக்கடி கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை என்பதால். நடக்க முடிந்தவருக்கும் டயப்பர் மாட்டிவிடுவார்கள். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தால். ஆறு மாதத்தில் அவரால் நடக்க முடியாமல் போகும். இதற்கு எந்தச் சட்டத்திலும் பெயர் இல்லை. தரம் என்று நாம் பேச வேண்டியது இந்த நடுப்பகுதியைப் பற்றித்தான்.

ஒரு தாளைக் கிட்டத்தில் பார்ப்போம். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று தாதி சொல்லிக்கொடுத்துப் போவார். அதற்கென ஓர் அட்டவணை குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருக்கும். இடது, நேராக, வலது என்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. நிரப்பிய அட்டவணையைக் கவனமாகப் பார்த்தால் அது பேசும். இரவு பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். காலை காப்பி போடும்போது ஒரே மூச்சில் போட்ட கோடுகள் அவை. போட்டவரைக் குறைசொல்ல வேண்டாம். பகல் முழுவதும் வேலைசெய்துவிட்டு இரவு நான்கு முறை எழும்ப ஒரு மனித உடம்பால் எத்தனை நாளைக்கு முடியும்? ஆனால் மாதக் கடைசியில் யாராவது அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்தால், பதிவு நூற்றுக்கு நூறு. உண்மையை அறியப் போர்வையின் கால்பக்கத்தை விலக்கிக் குதிகாலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்கு எளிதில் படாது. சூடு, வீக்கம், தொட்டால் வலி ஆகியவற்றைத் தடவிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அட்டவணையைப் படிக்க ஒரு நிமிடம் போதும். குதிகாலைப் பார்க்க ஒருவர் வீட்டுக்கு வர வேண்டும், குனிய வேண்டும், தொட வேண்டும்.

மருத்துவத் தரத்தை மதிப்பிடுவது எப்படி என்று அவெடிஸ் டொனபெடியன் 1966இல் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையின் அடித்தளம். அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்தார் அவர். ஆள்பலமும் கருவியும் அமைப்பு. செய்கிற வேலை செயல்முறை. அதனால் மனிதருக்கு என்ன ஆயிற்று என்பது விளைவு. அளக்க எளிதானது முதலாவது, கடினமானது மூன்றாவது. அதனாலேயே உலகெங்கும் அதிகாரிகள் முதல் இரண்டிலேயே நின்றுவிடுகிறார்கள். அதன் பலனை ஜெர்மனி கண்டது. 2009இல் அங்கே பராமரிப்பு நிறுவனங்களுக்குப் பள்ளிக்கூடப் பாணியில் மதிப்பெண் போடத் தொடங்கினார்கள். ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் 'மிக நன்று' வாங்கின. காரணம் எளிது: சோதனையாளர்கள் பெரும்பாலும் பார்த்தது ஏடுகளை. படுக்கைப் புண்ணைத் தடுப்பதில் வாங்கிய மோசமான மதிப்பெண்ணை, உணவுப் பட்டியலை முதியவர்கள் படிக்கத்தக்க பெரிய எழுத்தில் அச்சிட்டதற்கு வாங்கிய நல்ல மதிப்பெண் ஈடுகட்டிவிட்டது. நாடே அதைக் குறைசொன்ன பிறகு, தங்கிப் பராமரிக்கும் இல்லங்களுக்கு அந்த முறையை 2019இல் கைவிட்டார்கள். அங்கே ஒழுங்குக்கும் பணத்துக்கும் பஞ்சமில்லை. பிழை, எதை அளப்பது என்பதில் இருந்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். மருத்துவமனைக்கும் தாதிமை இல்லத்துக்கும் அது ஓரளவு பொருந்தும். ஒரே கூரை, ஒரே சமையல், ஒரே மேற்பார்வை. ஒரு கூடத்தைப் பார்த்தால் மற்றதை ஊகிக்கலாம். அங்கேயும் ஏமாறுவது உண்டு. 2011இல் இங்கே ஒரு தாதிமை இல்லத்தில் மூதாட்டி ஒருவரை ஊழியர் அறைந்த காட்சி, உறவினர் மறைத்துவைத்த ஒளிப்பதிவுக் கருவியால்தான் வெளிவந்தது. புதியவர்களைச் சேர்க்க அந்த இல்லத்துக்கு அமைச்சு தடை விதித்தது. பலர் நடமாடும் கூடத்திலேயே அப்படியென்றால், சாத்திய கதவுக்குப் பின்னால், ஒருவர் மட்டும் உதவ, ஒருவர் மட்டும் உதவி பெறும் அறையின் கதை என்ன? வீட்டுப் பராமரிப்பில் ஒவ்வொரு வீடும் தனிப் பானை, தனி அடுப்பு. நூறு வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தின் அலுவலகத்தைச் சோதித்துவிட்டு நூறு வீட்டுக்கும் மதிப்பெண் போட முடியாது.

அப்படியானால் பராமரிப்புப் பெறுகிறவரையே கேட்டால் போதாதா? கேட்கத்தான் வேண்டும், ஆனால் இப்போது கேட்கும் விதத்தில் கேட்டால் பலன் இல்லை. 'திருப்தியா?' என்று கேட்டால் 'ஒரு குறையும் இல்லம்மா' என்பதுதான் பதில். தன்னைத் தூக்கி உட்காரவைக்க அந்த ஒருவரைத் தவிர வேறு நாதியில்லாதவர், அவர் காதுபட என்ன சொல்வார்? பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் இங்கிலாந்தின் வீட்டுப் பராமரிப்பைப் பற்றி 2011இல் விசாரித்தபோது சாட்சி சொன்னவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மனநிறைவோடு பேசினார்கள். அதே விசாரணையில்தான் உணவும் நீரும் சரிவரக் கிடைக்காதவர்களும், அழுக்கான படுக்கையில் விடப்பட்டவர்களும் தெரியவந்தார்கள். குறை சொன்னால் இருப்பதும் போய்விடுமோ என்ற பயம் பலர் வாயைக் கட்டியிருந்தது. வந்து உதவுகிற பெண்ணுக்கு வேலை போய்விடக் கூடாதே என்ற இரக்கமும் சேர்ந்திருந்தது. நம் பெரியவர்களுக்கு இந்த இரண்டோடு மூன்றாவது ஒன்றும் உண்டு: வீட்டு மானம். வெளியாளிடம் குறை சொன்னால் மகளைக் குறைசொன்னதாகிவிடும்.

கேட்கும் மொழியும் இதில் அடங்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. முதுமை மறதி கூடும்போது பிறகு கற்ற மொழி முதலில் நழுவக்கூடும். அலுவலகத்தில் நாற்பது ஆண்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவர்கூடக் கடைசியில் தாய் பேசிய தமிழுக்கே திரும்புவது உண்டு. காத்தோங்கில் அது யாழ்ப்பாணத் தமிழாக இருக்கலாம். தேக்காவில் தஞ்சாவூர்த் தமிழாக இருக்கலாம். 'நோ' என்றால் என்ன நோ, 'இளைப்பு' என்றால் மூச்சா மெலிவா என்று புரிந்துகொள்ளத் தெரிந்தவர்தான் கேட்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் மருமகளோ பணிப்பெண்ணோ மொழிபெயர்த்துச் சொன்னால், கேள்வி யாரைப் பற்றியதோ அவரே பதிலையும் எழுதுகிறார் என்று பொருள். அவர் மொழியில், தனியாக, அவசரப்படாமல் என்ற மூன்றும் இல்லாத மதிப்பீட்டை மதிப்பீடு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என்ன கேட்பது என்பதில் நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது அதிகம் இல்லை. கென்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஆஸ்காட் என்ற கருவி எட்டு விஷயங்களைப் பார்க்கிறது: சுத்தமும் வசதியும், உணவு, பாதுகாப்பு, வீட்டின் நிலை, மனிதர்களோடு பழகுதல், நேரத்தை எப்படிக் கழிக்கிறார், அன்றாட வாழ்க்கையில் தன் பிடி, கண்ணியம். இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி இரண்டு. பிறர் உதவும் விதம் தன்னைப் பற்றித் தனக்கு என்ன நினைப்பைத் தருகிறது என்று கண்ணியத்தின் கீழ் அந்தக் கருவி கேட்கிறது. நம் வீட்டுக்கு ஏற்றபடி அதை உடைத்துக் கேட்கலாம். காலையில் அவர் நினைத்த நேரத்துக்கு எழுகிறாரா, மற்றவர்கள் எழுப்புகிறார்களா? விழுங்கச் சிரமம் என்று எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துச் சாம்பல் நிறக் கூழாகக் கொடுக்கிறார்களா, பிட்டையும் சொதியையும் தனித்தனியாக மசித்து, எது எது என்று நாக்குக்குத் தெரியும்படி கொடுக்கிறார்களா? மூக்குவழிக் குழாயில் உணவு போனால், ஒவ்வொரு முறையும் ஊட்டுவதற்கு முன் வயிற்றிலிருந்து இழுத்த நீரை அமிலத்தாளில் தொட்டுப் பார்க்கிறார்களா? குழாய் நுரையீரல் பக்கம் நழுவியிருந்தால் ஒரு வேளை உணவே உயிருக்கு உலையாகிவிடும். மூன்று மாதத்தில் எடை எவ்வளவு இறங்கியது, எத்தனை முறை விழுந்தார், எத்தனை மாத்திரை மிச்சம் கிடக்கிறது என்பவை எண்ணிக் காட்டக்கூடியவை. கடைசியாக எப்போது வீட்டு வாசலைத் தாண்டினார் என்பதும் எண்ணிக் காட்டக்கூடியதே. அதுதான் என் வெள்ளிக்கிழமைக் கேள்வி.

இனி இந்தக் கட்டுரையின் நடுத்தூணுக்கு வருகிறேன். சிங்கப்பூரில் வீட்டுப் பராமரிப்பு என்றால் நம் கண்முன் வருவது சீருடை அணிந்து வரும் தாதியோ மணிக்கணக்கில் வரும் உதவியாளரோ. நடைமுறையில் இரவும் பகலும் அந்த வேலையைச் செய்பவர் வீட்டோடு தங்கும் பணிப்பெண். நாட்டில் ஏறத்தாழ 300,000 பணிப்பெண்கள் இருக்கிறார்கள். முதியவரைப் பார்த்துக்கொள்வதற்காகவே பல குடும்பங்கள் அமர்த்துகின்றன. அதற்காக மாத வரியை 300 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாகக் குறைத்தும் தருகிறது அரசு. ஆகவே இதுவும் பொதுப்பணம் தாங்கும் சேவைதான். ஆனால் வீட்டுப் பராமரிப்பு நெறிகள் பேசுவது சேவை நிறுவனங்களோடு. இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்து, ஒரு நாள் பயிற்சியோடு குழாய்வழி ஊட்டக் கற்றுக்கொண்ட பெண்ணை அவை எட்டுவதில்லை. அவர் பராமரிப்பு நன்றாக இருக்கலாம். பல வீடுகளில் பெற்ற பிள்ளைகளைவிட அவர்தான் அந்தப் பெரியவரின் முகக்குறிப்பை அறிந்தவர். எது எப்படி என்று பார்க்க ஏற்பாடு இல்லை என்பதே குறை.

பார்க்கவே முடியாது என்று சொல்ல முடியாது. பணிப்பெண்கள் விஷயத்தில் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒவ்வோர் ஆறு மாதமும் அவர் மருத்துவரிடம் போக வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து அந்தப் பரிசோதனையில் எடையும் பதிவாகிறது; காரணம் சொல்ல முடியாத காயம் இருக்கிறதா என்றும் மருத்துவர் பார்க்கிறார்; முதலாளி அருகில் இல்லாமல் அவரைப் பரிசோதிக்கிறார். அதே ஆண்டிலிருந்து மனிதவள அமைச்சின் அதிகாரிகள் வீடுகளுக்கு நேரில் போய் அவர்களோடு பேசவும் செய்கிறார்கள். கொடுமைகள் நடந்து, உயிர்கள் போன பிறகு வந்த ஏற்பாடு அது, அவசியமான ஏற்பாடு. எடை, காயம், தனியாக ஒரு பேச்சு. அதே கூரையின் கீழ், எழுந்து நடந்து மருத்துவரிடம் போகக்கூட முடியாதவருக்கும் இந்த மூன்றும் வேண்டும் என்பதைவிடப் பெரிதாக நான் எதுவும் கேட்கவில்லை.

எப்படிச் செய்வது? ஜெர்மனியில் 1995 முதல் பராமரிப்புக் காப்புறுதி இருக்கிறது. சேவைக்குப் பதிலாகப் பணமாக வாங்கிக்கொண்டு வீட்டாரே பராமரிக்கும் குடும்பம், ஆண்டுக்கு இரு முறையாவது தகுதிபெற்ற ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து ஆலோசனை பெற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தட்டிக்கழித்தால் பணம் குறையலாம். ஜப்பானில் 2000இல் தொடங்கிய காப்புறுதியின் கீழ், பராமரிப்புத் திட்டம் வகுக்கும் மேலாளர் பொதுவாக மாதம் ஒரு முறை வீட்டுக்கே சென்று, பயன்பெறுபவரை நேரில் பார்த்துப் பேசுகிறார். நம் மானியமும் அப்படிப் பணமாகத்தான் குடும்பத்தின் கைக்குப் போகிறது. அதோடு ஆறு மாதத்துக்கு ஒரு வருகையைச் சேர்த்தால் போதும். வருகிறவர் நோட்டுப் புத்தகத்தோடு வரும் காவலராக இருக்கக் கூடாது. குதிகாலைப் பார்த்துவிட்டு, பணிப்பெண்ணிடம் 'ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள்?' என்று கேட்டுவிட்டு, மகளிடம் 'நீங்கள் எப்போது கடைசியாக ஓய்வெடுத்தீர்கள்?' என்று கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பராமரிப்பவரின் தூக்கமும் தரத்தின் அளவுகோல்தான். 2023 ஜனவரியிலிருந்து பணிப்பெண்ணுக்கு மாதம் ஒரு நாளாவது பணமாக ஈடுசெய்ய முடியாத ஓய்வு கட்டாயம். அந்த ஒரு நாளில் பெரியவரை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாலே அந்த வீட்டின் பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

வீடு என்பது அந்தரங்கம், அதற்குள் அரசு எட்டிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். இதை அலட்சியமாகத் தள்ள மாட்டேன். தாதிமை இல்லத்துக்குப் போக மாட்டேன் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பதே, யாரும் தட்டாமல் நுழையாத ஓர் அறைக்காகத்தான். ஆனால் அந்தரங்கம் யாருடையது? குடும்பத்தாருடையது மட்டும் அல்ல, படுக்கையில் இருப்பவருடையதும்தான். கதவைத் தானே திறக்க முடியாதவருக்கு, சாத்திய கதவு காவலாகவும் இருக்கலாம், சிறையாகவும் இருக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும் ஒருவரால் வீட்டின் அந்தரங்கம் கெட்டுவிடாது. இதற்குப் பதில் கேமரா பொருத்தினால் ஆகாதா என்று பலர் நம்புகிறார்கள். கேமரா அடியைக் காட்டும், பசியைக் காட்டாது. குளியலறையில் அதை வைக்கவும் கூடாது. உடம்பைக் கழுவி உடை மாற்றும் ஒவ்வொரு நிமிடமும் தன்னைப் பதிவு செய்யும் கண்ணாடிக் கண்ணின் கீழ் கிடப்பது எண்பது வயதுப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தவர் கேமராவைத் தரத்தின் அளவுகோலாக்க மாட்டார்.

பெற்ற பிள்ளைகள் பார்க்காததையா அந்நியர் பார்க்கப்போகிறார் என்பது அடுத்த ஆட்சேபம். பிள்ளைகளின் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பாசமும் கண்காணிப்பும் ஒன்று அல்ல. தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெல்ல மெல்ல இறங்கும் எடை தெரியாது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அலைபவருக்கு, அம்மா அமைதியாக இருக்கிறார் என்பது நிம்மதியாகத் தெரியும். அது நீர்ச்சத்துக் குறைந்த சோர்வாக இருக்கலாம். குறையைக் கண்டுபிடிக்க வருகிறார்கள் என்று குடும்பம் நினைத்தால் கதவு திறக்காது, உண்மைதான். ஆகவே முதல் வருகையிலேயே கையில் உதவியோடு வர வேண்டும்: காற்று மெத்தைக்கு வழி, மாற்றுப் பராமரிப்பாளர், பயிற்சிக்கான மானியம்.

முதுமை மறதி உள்ளவர் என்ன பதில் சொல்லிவிடுவார் என்பதும் கேட்கக்கூடிய கேள்வியே. மனநலக் கழகத்தின் 2023 ஆய்வில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி இருந்தது. தொடக்க, நடுக்கட்டங்களில் இருக்கும் பலரால் தங்களுக்கு எது பிடிக்கிறது, எது பயம் என்று சொல்ல முடியும். சொல்ல முடியாத கட்டத்துக்கு, பிரிட்டனில் டாம் கிட்வுட் வகுத்த வழி இருக்கிறது: கேட்காமல் பார்ப்பது. உதவ வருகிறவர் அறைக்குள் நுழையும்போது முகம் மலர்கிறதா, உடம்பு சுருங்குகிறதா? அரை மணி நேரம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அந்த அரை மணி நேரத்துக்கு ஆள் எங்கே, காசு எங்கே என்று கேட்டால், இங்கிலாந்தின் பதினைந்து நிமிட வருகைகளை நினைவூட்டுகிறேன். காசை மிச்சப்படுத்த வருகையை நறுக்கிக்கொண்டே போனார்கள். குளிப்பாட்டவா, ஊட்டவா, இரண்டில் ஒன்று என்ற நிலை வந்தது. அரை மணிக்குக் குறைந்த வருகை சில குறிப்பிட்ட நிலைகளில் மட்டுமே இருக்கலாம் என்று 2015இல் அங்கே சுகாதார, பராமரிப்பு நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு எழுதிவைக்க வேண்டி வந்தது. பார்க்காமல் விட்ட ஒரு புண்ணுக்கு மருத்துவமனையில் வாரக்கணக்கில் செலவாகும் பணத்தை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

காத்தோங்குக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். முதியோருக்கான நிலையங்கள் பெரும்பாலும் வீவக புளோக்குகளின் கீழ்த்தளங்களில் இருக்கின்றன. மரின் பரேட் புளோக்குகளில் ஒருவர் ஒரு வாரம் கண்ணில் படாவிட்டால் யாராவது கதவைத் தட்டக்கூடும். ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டுக்குப் பின்னால், இரும்புக் கேட்டும் நாயும் உள்ள தரைவீட்டில் யார் தட்டுவார்? வருமானமே இல்லாத குடும்பமாக இருந்தாலும் வீட்டின் ஆண்டு மதிப்பு கூடுதலாக இருந்தால் கட்டணக் கழிவு குறைகிறது. கழிவு குறைந்தால் மானியம் பெறும் சேவை நிறுவனங்களோடு தொடர்பும் குறைகிறது. அப்பா கட்டிய பெரிய வீட்டில், கையில் ரொக்கம் இல்லாமல், ஒரு பணிப்பெண்ணோடு தனித்திருப்பவர் எந்தப் பட்டியலிலும் வராமல் போகலாம். வசதியான வட்டாரம் என்ற பெயரே அவரை மறைத்துவிடுகிறது. 2024 ஜூன் 23இல் தஞ்சோங் காத்தோங், மரின் பரேட் பெருவிரைவு ரயில் நிலையங்கள் மின்தூக்கிகளோடு திறந்தன. தெருவிலிருந்து தீவின் மறுகோடி வரை சக்கர நாற்காலி தடையின்றிப் போக முடியும். வீட்டுக் கட்டிலிலிருந்து தெரு வரைக்குமான தூரம்தான் மிச்சம் இருக்கிறது.

இதைப் படிப்பவரில் பலர் வீட்டில், அல்லது பக்கத்து வீட்டில், இப்படி ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவரருகில் தனியாக, தமிழில், அரை மணி நேரம் உட்காருங்கள். சௌகரியமா என்று கேட்காதீர்கள். கடைசியாக எப்போது வெளியே போனீர்கள், எங்கே போக ஆசை என்று கேளுங்கள். போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். பார்த்துக்கொள்கிறவரிடம் தூங்கினீர்களா என்று கேளுங்கள். உதவி வேண்டுமென்றால் ஏஐசியின் எண் 1800-650-6060. பயப்படும்படி ஏதாவது கண்ணில் பட்டால் 1800-777-0000. அந்த எண்ணில் எந்த நேரமும் ஆள் இருப்பார்.